அப்பாவின் இரண்டு ரிப்போர்ட்டுகள்

அப்பாவின் ஃபைலில் இரண்டு பயாப்சி ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன. முதலாவது 2009-இல் எடுத்தது. மேல்வயிற்று எரிச்சல் மாதக்கணக்கில் விடாததால் எண்டோஸ்கோபி செய்து, இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து துளி சதை கிள்ளிப் பார்த்திருக்கிறார்கள். 'நாள்பட்ட இரைப்பை அழற்சி. சுழல் வடிவ பாக்டீரியாக்கள் காணப்படுகின்றன' என்று அது முடிகிறது. இரண்டாவது 2021-இல் எடுத்தது. அதில் அடினோகார்சினோமா, அதாவது இரைப்பைப் புற்று, என்று இருக்கிறது. கடைசி வரி: 'பாக்டீரியாக்கள் காணப்படவில்லை.'

அப்பா போன பிறகு ஒரு நாள் சித்தப்பா இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். "நீ இந்தக் கிருமியைத்தானே ஆராய்ச்சி பண்றே? இதுதான் புத்துநோய் வரவைக்குதுன்னும் சொல்றே. அண்ணனுக்குப் புத்து வந்தப்போ கிருமியே இல்லைன்னு எழுதியிருக்கு. அப்புறம் எப்படி அது காரணமாகும்?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அன்று தொண்டையை அடைத்துக்கொண்டது, சொல்ல முடியவில்லை. 2014-இலிருந்து நான் வேலை பார்ப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்த பாக்டீரியாவோடுதான். தினமும் அதை வளர்க்கிறேன், எண்ணுகிறேன், செல்கள் மேல் ஊற்றுகிறேன். அத்தனை வருடமும் வீட்டு அலமாரியில் 2009 ரிப்போர்ட் கிடந்திருக்கிறது. ஒருநாள்கூட எடுத்துப் படிக்கவில்லை. அன்று சித்தப்பாவுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கிருமி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இரைப்பை அமிலத்தில் எதுவும் பிழைக்காது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். இது பிழைக்கிறது. இதனிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. இரைப்பையில் இருக்கும் யூரியாவை அந்த நொதி உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, அந்த அம்மோனியா சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. அந்த அவகாசத்தில் வால் போன்ற இழைகளை அடித்துக்கொண்டு உட்சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்துக்குள் புகுந்துவிடும். அங்கே அமிலம் குறைவு. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றும். மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் ஆயுள் முழுக்க இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் 1982-இல் இதை முதன்முதலாக வளர்த்தெடுத்தார்கள். அதுவரை கிருமி வளர்க்கும் தட்டுகளை இரண்டு நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கூடுதல் நாட்கள் இன்குபேட்டரிலேயே இருந்துவிட்டது, அதில்தான் வளர்ந்தது. இதைத் தட்டில் வளர்த்தவர்களுக்கு அந்தக் கதை நன்றாகப் புரியும். காற்றில் உள்ள ஆக்சிஜன் அளவு இதற்கு ஒத்துவராது. ஆக்சிஜனைக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடைக் கூட்டி, ரத்தம் கலந்த அகார் தட்டில் வைத்துவிட்டு மூன்று நாள் பொறுமையாக இருக்க வேண்டும். அப்போதுதான் பனித்துளி சிதறியது போல மிகச் சிறிய, கண்ணாடி மாதிரியான புள்ளிகள் தெரியும். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துத் தனக்கு இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் தேடிக்கொண்டிருந்தது புண்ணுக்கும் அழற்சிக்குமான காரணத்தை. புற்றுக்கான காரணம் வேறொரு கதை. அதை நான் ஒரு ராத்திரி கண்ணால் பார்த்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம். ஏஜிஎஸ் என்று ஒரு செல் வகை இருக்கிறது. இரைப்பைப் புற்று வந்த ஒரு பெண்மணியின் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தது, உலகம் முழுக்க இந்த ஆராய்ச்சிக்கு அதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு தட்டுகளில் அதை வளர்த்திருந்தேன். ஒன்றில் சாதாரண ஹெலிகோபாக்டரை ஊற்றினேன். இன்னொன்றில் அதே பாக்டீரியாதான், ஆனால் ஒரே ஒரு மரபணுவை நீக்கியது. அந்த மரபணுவின் பெயர் காக்-ஏ.

ஊற்றியபோது இரண்டு தட்டிலும் செல்கள் ஒரே மாதிரிதான் இருந்தன. தட்டையாக, பலகோணமாக, கல் பதித்த தரை போல ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. ஐந்து மணி நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். காக்-ஏ இல்லாத தட்டில் பெரிய மாற்றம் இல்லை. முதல் தட்டில் செல்கள் பக்கத்துச் செல்லை விட்டுப் பிரிந்து, நீண்டு, மெலிந்து, ஒரு முனையில் ஊசி போல மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. இந்த வடிவத்துக்கு 'ஹம்மிங்பேர்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தக் குட்டிப் பறவையின் அலகு மாதிரி இருப்பதால். படத்தில் பலமுறை பார்த்ததுதான். ஆனாலும் என் கையால் ஊற்றி, ஒரே ஒரு மரபணுவின் வித்தியாசத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தட்டுகளைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு பாக்டீரியா மனித செல்லின் உருவத்தையே மாற்றுகிறது, அதுவும் செல்லைக் கொல்லாமல். கொன்றிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

இது எப்படி நடக்கிறது? பாக்டீரியா முதலில் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சில புரதங்களையும் சர்க்கரைச் சங்கிலிகளையும் பற்றிக்கொள்கிறது. பிறகு, ஊசி போன்ற ஒரு குழாய் அமைப்பு வழியாகக் காக்-ஏ புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தக் குழாயைக் கட்டும் மரபணுக்களும் காக்-ஏ மரபணுவும், ஏறக்குறைய 40,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரே டி.என்.ஏ. துண்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. எல்லா ஹெலிகோபாக்டரிடமும் இந்தத் துண்டு இல்லை. இருப்பவைதான் அதிக ஆபத்தானவை.

அடுத்து நடப்பதுதான் என்னை இன்றுவரை இந்த வேலையில் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே போன காக்-ஏ உடனே எல்லா வேலையையும் செய்துவிடாது. அதன் வால் பகுதியில் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும். 'எபியா' என்று சொல்வோம். அதில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நம் செல்லிலேயே இருக்கும் சார்க், ஏபிள் என்ற கைனேஸ் நொதிகள் அந்த டைரோசின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. அப்படி ஒட்டிய பிறகுதான் காக்-ஏவுக்கு முழு பலம் வருகிறது. சார்க், ஏபிள் இரண்டும் செல் வளர்வதற்கும் நகர்வதற்கும் செய்தி கடத்தும் வேலைக்காக இருப்பவை. வந்தது வெளியாள் என்று அவற்றுக்குத் தெரியாது. வீட்டு முத்திரையை வீட்டுக்காரரே எடுத்து வெளியாளின் தாளில் குத்திக் கொடுக்கிற மாதிரி.

1999, 2000 வாக்கில் பல குழுக்கள் இதைக் கண்டுபிடித்தபோது முதலில் குழம்பிப்போனார்கள். தொற்று ஏற்பட்ட செல்களை அரைத்து, புரதங்களை அளவுப்படி பிரித்து, பாஸ்பேட் ஏறிய டைரோசினைத் தேடினால் ஒரு பெரிய புரதப் பட்டை தெரிந்தது. மனித செல்லின் ஏதோ ஒரு புரதம் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். பாக்டீரியாவை மட்டும் தனியாக அரைத்தால் அந்தப் பாஸ்பேட் பட்டை வராது. கடைசியில் அது பாக்டீரியாவின் புரதம், மனித செல்லுக்குள் வந்த பிறகே பாஸ்பேட் ஏறுகிறது என்று தெரியவந்தது. இதே பட்டையை நான் எத்தனையோ முறை ஃபிலிமில் பார்த்துவிட்டேன். இருட்டறையில் ஃபிலிமைக் கழுவும்போது அந்தக் கறுப்புக் கோடு மெல்ல எழும்பி வரும். தொற்று இல்லாத செல்களின் இடத்தில் வெறுமை, தொற்று உள்ள செல்களின் இடத்தில் கோடு. இப்போது அதைப் பார்த்தால் அப்பா ஞாபகம் வருகிறது.

பாஸ்பேட் ஏறிய காக்-ஏ, ஷிப்-2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கிறது. ஜப்பானில் ஹத்தகேயாமாவின் குழு 2002-இல் இதைக் காட்டியது. ஷிப்-2 சாதாரணமாகத் தன் வேலை செய்யும் வாயைத் தன் உடம்பின் இன்னொரு பகுதியாலேயே மூடிக்கொண்டிருக்கும். தேவைப்படும்போது சரியான செய்தி வந்தால்தான் திறக்கும். காக்-ஏ வந்து ஒட்டினால் அது திறந்தபடியே நின்றுவிடுகிறது. 'வளரு, பிரி, நகரு' என்ற செய்தி விடாமல் போய்க்கொண்டே இருக்கும். ஷிப்-2 மரபணுவில் பிழை ஏற்பட்டு அது எப்போதும் திறந்திருக்கும் நிலை சில ரத்தப் புற்றுகளில் இருக்கிறது. காக்-ஏ மரபணுவைத் தொடாமலே அதே நிலையைக் கொண்டுவந்துவிடுகிறது. கிழக்காசியாவில் பரவலாக உள்ள காக்-ஏ வகை ஷிப்-2-ஐ மேற்கத்திய வகையைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில் மாறியிருக்கும் ஒற்றை அமினோ அமிலமே காரணம். இரைப்பைப் புற்று அங்கே அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

பாஸ்பேட் ஏறாமலும் காக்-ஏ ஒரு வேலை செய்கிறது. இரைப்பைச் செல்லுக்கு மேல் எது, கீழ் எது என்ற திசை உண்டு. மேற்பக்கம் அமிலத்தைப் பார்த்திருக்கும், பக்கவாட்டில் அண்டைச் செல்லோடு இறுக்கமாகத் தைத்திருக்கும். இந்தத் திசையைக் காப்பாற்றும் புரதங்களில் ஒன்று பார்-1. காக்-ஏவில் ஒரு சிறு துண்டு, பார்-1 வழக்கமாகக் கையாளும் இலக்குப் புரதம் போலவே வேஷம் போட்டு அதன் பிடிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பார்-1 முடங்கிவிடும். தையல் விடும், திசை குலையும். நான் பார்த்த அந்தத் தட்டில் செல்கள் அண்டைச் செல்லை விட்டுப் பிரிந்து கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பி53. செல்லின் டி.என்.ஏ. மோசமாகச் சேதமடைந்தால் 'நீ செத்துப்போ' என்று செல்லுக்குச் சொல்லும் புரதம் அது. புற்று வராமல் காக்கும் காவல்களில் முதன்மையானது. அதற்குத் துணையாக ஏ.எஸ்.பி.பி.2 என்ற புரதம் இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் பி53-ஐச் செல்லை முடித்துவைக்கும் வேலைக்குத் திருப்பிவிடுவது அதுதான். காக்-ஏ இந்தத் துணையைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட துணை பி53-ஐத் தன்னிடம் இழுக்கிறது, ஆனால் பி53 வேலை செய்வதற்குப் பதிலாக அழிக்கப்பட்டுவிடுகிறது. 2011-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. வேலியே பயிரை மேய்வது என்று கேட்டிருக்கிறோம், இங்கே காக்-ஏ வேலியைப் பிடித்து மேய வைக்கிறது. செத்திருக்க வேண்டிய, சேதமடைந்த செல் பிழைத்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்கு ஒட்டிக்கொள்ள உயிருள்ள செல் வேண்டும், அவ்வளவுதான். புற்று உண்டாக்கி அதற்கு ஒரு லாபமும் இல்லை. அப்பாவை நினைக்கும்போது எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

இங்கே கேள்வி கேட்பவர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. இரைப்பையின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். உதிரப்போகும் செல்லை என்ன செய்தால் என்ன? பல வருடம் கழித்து அது எப்படிப் புற்றாகும்? எனக்கும் இது ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் பாக்டீரியா மேற்பரப்பில் மட்டும் இல்லை. சுரப்பிக் குழிகளின் ஆழத்துக்கும் போய், புதிய செல்களை உற்பத்தி செய்யும் மூலசெல்களின் பக்கத்திலேயே குடியேறுகிறது. மூலசெல் உதிர்ந்துபோவதில்லை. அதில் விழும் பிழை அதன் வாரிசுகள் எல்லாவற்றுக்கும் போகும். கூடவே நாள்பட்ட அழற்சி வேறு. வெள்ளை அணுக்கள் கக்கும் ரசாயனங்கள் டி.என்.ஏவைத் தாக்குகின்றன. எதிர்ப்புரதம் தயாரிக்கும் செல்களில் மட்டும் மரபணு எழுத்துகளை மாற்ற வேண்டிய ஒரு நொதி, இந்தத் தொற்றால் இரைப்பைச் செல்லிலும் முளைத்துப் பி53 மரபணுவிலேயே பிழைகளை ஏற்படுத்துவதைக் கியோட்டோ குழு ஒன்று காட்டியிருக்கிறது. சேதம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போகிறது, சேதமடைந்த செல்லை நீக்கும் ஏற்பாடு இன்னொரு பக்கம் முடங்கிக் கிடக்கிறது.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பெலாயோ கொரையா என்ற நோய்க்கூறு மருத்துவர் இரைப்பைப் புற்றின் படிகளை வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறார். முதலில் நாள்பட்ட அழற்சி. பிறகு அமிலம் சுரக்கும் சுரப்பிகள் சுருங்கி மறைகின்றன. பிறகு இரைப்பைச் சுவர் குடல் சுவர் போல மாறுகிறது. பிறகு செல்கள் ஒழுங்கு குலைகின்றன. கடைசியில் புற்று. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். சுரப்பிகள் சுருங்கி, அமிலம் குறைந்து, சுவர் குடல் மாதிரி ஆகிவிட்டால் அந்த இடம் ஹெலிகோபாக்டருக்கே வாழத் தகுதியில்லாததாகிவிடும். எண்ணிக்கை குறைந்து, சில நேரம் சுத்தமாகக் காணாமலே போகும். அதற்குள் பிழைகள் நம் டி.என்.ஏவிலேயே பதிந்திருக்கும். தொடங்கிவைக்கத்தான் காக்-ஏ வேண்டும், புற்று நிலைப்பதற்கு அது தேவையில்லை. 'அடித்துவிட்டு ஓடுவது' என்று ஆராய்ச்சியாளர்கள் இதைச் சொல்கிறார்கள். 2021-இல் கிருமி இல்லை என்று எழுதியது சரிதான் சித்தப்பா. அதற்கு முன்பே அது தன் வேலையை முடித்துவிட்டது.

காக்-ஏ மட்டுமே போதுமா என்று சந்தேகம் வரலாம். 2008-இல் எலிகளின் மரபணுவிலேயே காக்-ஏவை வைத்து, பாக்டீரியாவே இல்லாமல் பார்த்தார்கள். சில எலிகளுக்கு இரைப்பைப் புற்று வந்தது. பாஸ்பேட் ஏற முடியாதபடி மாற்றிய காக்-ஏ உள்ள எலிகளுக்கு வரவில்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்தக் கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்று வரவே வராது. ஜப்பானில் 1526 பேரைச் சராசரியாக 7.8 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. அதில் கிருமி இருந்த 1246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த முப்பத்தாறு, அந்தப் பூஜ்யம் இரண்டையும் நான் சேர்த்தேதான் படிக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே இந்தக் கிருமியை, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

அதாவது அப்பாவின் முதல் ரிப்போர்ட்டுக்குப் 15 வருடங்களுக்கு முன்பு.

2009-இல் அப்பாவுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஆறு வாரத்துக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். எரிச்சல் போய்விட்டது. ஆன்டிபயாட்டிக் எதுவும் தரவில்லை. ரிப்போர்ட்டின் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. சுரப்பிகள் சுருங்கியதாகவோ சுவர் மாறியதாகவோ அந்த ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை. கொரையா சொன்ன வரிசையில் முதல் படி மட்டும்தான். கிருமியை விரட்டினால் மிக அதிகப் பயன் கிடைப்பது அந்தப் படியில். அந்தச் சீட்டை நான் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

நானும் பரிசோதனை செய்துகொண்டேன். ஒரு பையில் ஊதச் சொன்னார்கள், பிறகு யூரியா கரைத்த நீரைக் குடிக்கத் தந்து, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதச் சொன்னார்கள். அந்த யூரியாவில் இருப்பது சற்றே கனமான கார்பன். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் யூரியாவை உடைக்கும், அந்தக் கனமான கார்பன் மூச்சில் வெளியே வரும். அமிலத்திலிருந்து தன்னைக் காப்பாற்றும் நொதியே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்கு பாசிட்டிவ். 14 நாள் மாத்திரை. வாயெல்லாம் உலோகக் கசப்பு, நாக்கு கறுத்துப்போனது. ஒரு வேளைகூட விடவில்லை. முடித்த பிறகு ஆறு வாரம் காத்திருந்து மறுபடி ஊதினேன். நெகட்டிவ்.

பரிசோதனைக்கு என் அண்ணன்தான் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு வயித்துல ஒரு தொந்தரவும் இல்லையே" என்றார். அப்பாவுக்கும் பத்து வருடத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லாமல்தான் இருந்தது என்று சொன்னேன். கொரிய ஆய்வு ஒன்றையும் சொன்னேன். 2020-இல் வந்தது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இரைப்பைப் புற்று வந்தவர்களில், கிருமி உள்ளவர்களை எடுத்துக்கொண்டு ஒரு பாதிக்குச் சிகிச்சை தந்து 9 வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்று வந்தது. எண்களைக் கேட்டு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் அந்த இரண்டு தட்டுகளின் படத்தை அவருக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. "இந்த நீட்டி நீட்டிக் கிடக்கறதெல்லாம் ஏற்கெனவே புத்தா?" என்று கேட்டார். தட்டில் இருப்பவை புற்றுக் கட்டியிலிருந்து வளர்த்த செல்கள்தான், ஆனால் அவை நீண்டு கிடப்பது புற்றால் இல்லை, கிருமியால்; முதல் படியிலேயே கிருமியை விரட்டினால் மிக அதிகப் பயன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஊதறதுக்கு வெறும் வயித்தோட போகணுமா?" என்றார். ஆமாம், குறைந்தது ஆறு மணி நேரம் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை நானும் கூடப் போகிறேன்.